அசையாத கல்

மழை வரும் வரும் என்று பயம் காட்டிவிட்டு வராமலே இருந்த ஒரு வாரத்தில், ஒல்லியின் வீட்டுச் சமையலறைக் கதவு மூட மறுத்தது.

அம்மா தோளால் தள்ளிப் பார்த்தாள். ஒல்லியும் சேர்ந்து தள்ளினாள். தம்பி உருண்டை வாசலிலிருந்து ஓடி வந்து தலையால் முட்டினான். முட்டிவிட்டு, தலையைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தான். கதவு பாதியிலேயே நின்றது.

"ஈரக் காத்துக்கு மரம் உப்பியிருக்கும். திறந்தே கிடக்கட்டும், விடுங்க," என்றாள் அம்மா.

அவள் உடனே தையல் மெஷினுக்குத் திரும்பிவிட்டாள். ஒரு பள்ளிக்கூடத்துக்கு நாற்பது சட்டை தைத்துக் கொடுக்க வேண்டியிருந்தது. அப்பா லாரி ஓட்டுபவர். இந்தத் தடவை பத்து நாள் பயணம். வீட்டில் இருந்தது இரண்டே அறை. முன்னறை முழுக்கத் துணி. அதனால் பிள்ளைகள் இருவரும் சமையலறையில்தான் படுக்கை விரித்துத் தூங்குவார்கள்.

ஒல்லிக்குப் பதினொரு வயது. உருண்டைக்கு ஆறு. இருவரும் சேர்ந்து நின்றால், "இதோ பத்து வந்துடுச்சு," என்பார் பக்கத்து வீட்டு பேக்கரி மாமா. ஒல்லி ஒன்று, உருண்டை பூஜ்ஜியம். மாமா இரவெல்லாம் ரொட்டி சுட்டுவிட்டுப் பகலெல்லாம் தூங்குபவர். கொஞ்ச நாளாக அவருக்குத் தூக்கமும் இல்லை, வேடிக்கைப் பேச்சும் இல்லை.

எல்லாவற்றுக்கும் காரணம் அந்தக் குழிதான்.

வீட்டுக்குப் பின்னால் முன்பு ஒரு பழைய கிடங்கு இருந்தது. அதை இடித்துவிட்டுப் பெரிய கட்டடம் கட்டப் போகிறார்கள். வண்டிகள் நிறுத்துவதற்காகப் பூமிக்கு அடியிலேயே இரண்டு மாடி. அதற்காகக் காலையிலிருந்து சாயங்காலம் வரை இயந்திரங்கள் மண்ணை அள்ளிக்கொண்டே இருந்தன. அலமாரியில் டம்ளர்கள் நடுங்கின. சமையலறை ஜன்னலைத் திறந்தால் முன்பு கிடங்கின் சுவர் தெரியும். இப்போது கீழே, ரொம்பக் கீழே, சேற்றுத் தண்ணீர் தெரிந்தது.

அன்று சாயங்காலம்தான் ஒல்லி விரிசலைப் பார்த்தாள். கதவு நிலையின் மூலையிலிருந்து தலைமுடி மாதிரி ஒரு கோடு கிளம்பிச் சுவரில் ஏறியிருந்தது. அவள் நாற்காலியில் ஏறி, விரிசல் முடிகிற இடத்தில் பென்சிலால் குறி போட்டுத் தேதி எழுதினாள்.

மூன்று நாளில் விரிசல் அந்தக் குறியைத் தாண்டியது. ஒல்லி இன்னொரு குறி போட்டாள். அதையும் தாண்டியது. முதலில் அதற்குள் ஒரு காகிதம்தான் நுழைந்தது. பிறகு அட்டை நுழைந்தது. உருண்டை அதைத் தபால்பெட்டி ஆக்கிக்கொண்டான். பழைய பஸ் டிக்கெட், மிட்டாய்த் தாள் என்று கைக்குக் கிடைத்ததை எல்லாம் உள்ளே தள்ளினான்.

"யாருக்குடா தபால்?"

"அப்பாவுக்கு. சீக்கிரம் வரச் சொல்லி."

ஒல்லி அம்மாவைக் கூட்டி வந்து காட்டினாள். அம்மா விரலால் தடவிப் பார்த்தாள். ஒரு நிமிஷம் முகம் ஒரு மாதிரி ஆனது. அப்புறம் தலையை ஆட்டிக்கொண்டாள்.

"அந்த சர்வேயர் பொண்ணு தினமும் வந்து அளந்துட்டுத்தானே போகுது? அசையலன்னு சொல்லுது. அதைவிடவா நமக்குத் தெரியும்?"

சர்வேயர் அக்கா வருவது காலை ஏழு மணிக்கு. மூன்று கால் ஸ்டாண்டைத் தெருவில் விரித்து, அதன்மேல் ஒரு சின்னத் தொலைநோக்கி மாதிரி இருந்த கருவியைப் பொருத்துவாள். அதற்குப் பெயர் லெவல். அவளோடு வரும் ஓர் அண்ணன், எண்கள் எழுதிய நீளமான அளவுக் கம்பைப் பிடித்துக்கொண்டு நிற்பார். அக்கா பார்ப்பாள், நோட்டில் எழுதுவாள், கிளம்பிவிடுவாள். அவள் சிரித்து ஒல்லி பார்த்ததில்லை. ஆனாலும் ஒரு நாள் உருண்டை கருவியையே முறைத்துக்கொண்டு நின்றபோது, அவனைத் தூக்கிப் பிடித்துப் பார்க்க விட்டாள்.

"ஐ! கம்பு கண்ணுக்குள்ள வருது!" என்று கத்தினான் உருண்டை.

மறுநாள் ஒல்லி சீக்கிரமே எழுந்து தெருவுக்குப் போனாள்.

"அக்கா, வீடு அசையலன்னு இதுல எப்படித் தெரியும்?"

அக்கா கருவியின் மேலிருந்த சின்னக் கண்ணாடி வட்டத்தைக் காட்டினாள். உள்ளே ஒரு குமிழி மிதந்துகொண்டிருந்தது.

"இந்தக் குமிழி நடுவுல நின்னா, கருவி மட்டமா இருக்குன்னு அர்த்தம். அப்போ இது நேரா, மேலேயும் ஏறாம கீழேயும் இறங்காமப் பார்க்கும். முதல்ல அதோ அந்தக் கல்லு மேல கம்பை வச்சுப் பார்ப்பேன்."

குழியின் வேலி ஓரத்தில், இயந்திரங்கள் உள்ளே போகும் கேட்டுக்குப் பக்கத்தில், ஒரு சதுரக் கல் பதித்திருந்தது. அதில் சிவப்புப் பெயிண்டால் முக்கோணம் போட்டிருந்தது.

"அப்புறம் உங்க வீட்டுப் பக்கச்சுவர்ல, பின்மூலையில அடிச்ச ஆணி மேல வச்சுப் பார்ப்பேன். ஆணி அந்தக் கல்லைவிட நானூத்தி நாப்பத்தஞ்சு மில்லிமீட்டர் உயரத்துல இருக்கு. முதல் நாளும் அதான். இன்னைக்கும் அதேதான். வீடு இறங்கியிருந்தா அந்த எண் குறைஞ்சிருக்கும்."

"எங்க வீட்டுல விரிசல் விட்டிருக்கு அக்கா. கதவும் மூடல."

அக்கா உள்ளே வந்து பார்த்தாள். விரிசலின் பக்கத்தில் ஒல்லி எழுதியிருந்த தேதிகளை ஒவ்வொன்றாகப் படித்தாள். நெற்றி சுருங்கியது. வெளியே போய் இன்னொரு தடவை அளந்தாள்.

"நானூத்தி நாப்பத்தஞ்சு," என்றாள், தனக்கே சொல்லிக்கொள்வது போல. "ஒண்ணுமே மாறல."

அன்று பிள்ளைகள் பள்ளி விட்டு வந்தபோது வானம் இருட்டிக்கொண்டு நின்றது. அம்மா ஊசியில் நூல் கோக்கத் தடுமாறிக்கொண்டிருந்தாள். உருண்டை நேராகப் போய் மூலையில் உட்கார்ந்து மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தான்.

"என்னடா ஆச்சு?"

"நான் வளரவே இல்ல."

"யார் சொன்னது?"

"நானே பார்த்தேன். போன பிறந்தநாளுக்கு உன் பக்கத்துல நின்னப்போ உன் வயிறு வரைக்கும்தான் இருந்தேன். இன்னைக்குக் காலைல நின்னேன். இன்னும் உன் வயிறு வரைக்கும்தான் இருக்கேன். நான் இப்படியே குட்டியாவே இருந்துடுவேன்."

அவனுக்குப் பொலபொலவென்று கண்ணீர் கொட்டியது. ஒல்லி பாவாடை நுனியால் துடைத்துவிட்டாள்.

"மண்டு. நானும்தானே வளர்றேன்? நீ ரெண்டு விரல் வளர்ந்தா நானும் ரெண்டு விரல் வளர்றேன். ரெண்டு பேரும் சேர்ந்தே போனா, பக்கத்துல நின்னு பார்த்தா எப்படித் தெரி…"

அவள் நிறுத்திவிட்டாள்.

"எப்படித் தெரியும்?" என்றான் உருண்டை.

ஒல்லி எழுந்தாள். பின்பக்க ஜன்னலுக்குப் போனாள். குழியின் ஓரத்தில், வேலிக்குப் பக்கத்தில், சிவப்பு முக்கோணம் போட்ட கல் தெரிந்தது. வீடு குழியிலிருந்து எவ்வளவு தூரத்தில் நின்றதோ, கல்லும் அவ்வளவு தூரத்தில்தான் இருந்தது.

வீடும் இறங்கி, கல்லும் அதே அளவு இறங்கினால்?



மறுநாள் காலையில் அக்கா வந்தபோது ஒல்லி தெருவில் காத்துக்கொண்டிருந்தாள். ஆனால் அக்கா தனியாக வரவில்லை. கட்டட வேலைக்கெல்லாம் பொறுப்பான மேனேஜர் கூட இருந்தார். அவரோடு இன்னும் நாலு பேர். "நம்ம சர்வேயர் ரிப்போர்ட் பக்கா. மூணு வாரமா ஒரு மில்லிமீட்டர்கூட அசையல," என்று அவர்களிடம் சொல்லிக்கொண்டிருந்தார் அவர். அக்கா தலையைக் குனிந்து குமிழியை நடுவுக்குக் கொண்டுவந்துகொண்டிருந்தாள்.

இப்போது சொன்னால் இத்தனை பேருக்கு முன்னால் அக்காவுக்கு முகம் செத்துப்போகும். ஒருவேளை தான் நினைத்தது தப்பாகவும் இருக்கலாம். ஒல்லி வாயை மூடிக்கொண்டு நின்றாள். அவர்கள் பேசி முடிப்பதற்குள் தூரத்தில் பள்ளி மணியே அடித்துவிட்டது. அவள் நகரவில்லை.

மேனேஜர் போன பிறகு அவள் அக்காவின் அருகே போய், மெதுவாகக் கேட்டாள்.

"அக்கா, அந்தக் கல்லு அசையாதுன்னு எப்படித் தெரியும்?"

"அது பெஞ்ச்மார்க். அதை வச்சுத்தான் எல்லாத்தையும் அளக்கிறோம்."

"அதை எதை வச்சு அளந்தீங்க?"

அக்கா நோட்டிலிருந்து தலையைத் தூக்கினாள்.

"தெருக்கோடியில ஆத்துப்பாலம் இருக்குல்ல? அதோட தூண் பாறை மேல நிக்குது. அதுல ஒரு பித்தளைத் தகடு பதிச்சிருக்காங்க. முதல் நாள் அங்கிருந்து அளந்துட்டு வந்துதான் இந்தக் கல்லைக் குறிச்சேன். தினமும் அங்கிருந்து ஆரம்பிச்சா ஒரு மணி நேரத்துக்கு மேல ஆகும். நேரம் வீணாக வேண்டாம், பக்கத்திலேயே ஒண்ணு வச்சுக்கோன்னு மேனேஜர் சொன்னார்."

"அப்புறம் பாலத்துல இருந்து பார்க்கவே இல்லையா?"

அக்கா நோட்டின் பக்கங்களைப் பின்னால் புரட்டினாள்.

"வீடும் கல்லும் குழிக்குப் பக்கத்துல தானே அக்கா இருக்கு? ரெண்டும் சேர்ந்தே இறங்கினா நானூத்தி நாப்பத்தஞ்சு மாறவே மாறாதே."

கம்பு பிடித்திருந்த அண்ணன் சிரித்தார். அக்கா சிரிக்கவில்லை. அவள் கல்லைப் பார்த்தாள், வீட்டைப் பார்த்தாள், குழியைப் பார்த்தாள். 

"நீ ஸ்கூலுக்குப் போ," என்றாள்.  பிறகு ஸ்டாண்டை மடக்கித் தோளில் தூக்கிக்கொண்டு பாலத்தை நோக்கி நடந்தாள். நடக்கவில்லை, கிட்டத்தட்ட ஓடினாள்.

வகுப்பில் ஆசிரியர் கேட்ட கேள்வி எதுவும் ஒல்லியின் காதில் ஏறவில்லை. மத்தியானம் பெரிய துளிகளாக மழை ஆரம்பித்தது. பள்ளி விட்டதும் உருண்டையின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வீட்டுக்கு ஓடினாள்.

கேட்டுக்கு வெளியே, மழையில், அக்கா நடைபாதை ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள். கருவிக்குக் குடை பிடித்திருந்தாள். தான் நனைந்துகொண்டிருந்தாள்.

"மூணு தடவை பார்த்துட்டேன்," என்றாள். "கல்லு இருபத்தெட்டு மில்லிமீட்டர் இறங்கியிருக்கு. உங்க வீடும் அவ்வளவுதான்."

அவள் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் விரித்துக் காட்டினாள். பார்க்கக் கொஞ்சம்தான். ஆனால் ஒரு வீடு அவ்வளவு இறங்கக் கூடாது என்று அவள் மூன்று தடவை அளந்ததிலேயே ஒல்லிக்குப் புரிந்தது.

மேனேஜர் வந்தார். அளவையும், வேலையை நிறுத்த வேண்டும் என்பதையும் அக்கா ஏற்கெனவே அவருக்குச் சொல்லி அனுப்பியிருந்தாள்.

"ஒண்ணுமே மாறலன்னு மூணு வாரமா எழுதிக் கொடுத்தது நீதானே?" என்று சத்தம் போட்டார்.

"நான்தான் சார். தப்பா எழுதிட்டேன்."

"இப்போ வேலையை நிறுத்துன்னா எப்படி? மேல கேட்கணும். நாளைக்குப் பேசிக்கலாம்."

"நாளைக்கு வரைக்கும் மழை நிக்காது சார்."

சொல்லிவிட்டு அவள் அவருக்காகக் காத்திருக்கவில்லை. நேராகக் குழிக்குள் இறங்கும் வழியில் நின்று, கையை ஆட்டி இயந்திரங்களை நிறுத்தினாள். பிறகு குழியை ஒட்டியிருந்த மூன்று வீடுகளின் கதவையும் தட்டினாள்.

பேக்கரி மாமா போர்வையோடு எழுந்து வந்தார். மூன்றாவது வீட்டில் குடியிருந்த ஆட்களும் வந்தார்கள். விஷயத்தைக் கேட்டதும் மாமாவுக்குக் கோபம் தலைக்கேறியது.

"தினமும் வந்து கண்ணாடியில பார்த்துட்டு, பயப்படாதீங்க பயப்படாதீங்கன்னு சொன்னியே! இப்போ மழையில வெளிய போன்னா எங்கம்மா போறது?"

"தப்பு என்னோடதுதான் சார். எவ்வளவு வேணும்னாலும் திட்டுங்க. வெளிய வந்து திட்டுங்க."

"நாப்பது சட்டை பாதியில கிடக்கு," என்றாள் அம்மா. "நாளைக்குக் காலையில போறோம். ஒரு ராத்திரியில என்ன ஆயிடப் போகுது?"

ஆளாளுக்குப் பேசினார்கள். ஒருவரும் நகரவில்லை. அக்கா ஒவ்வொரு முகமாகப் பார்த்துக் கெஞ்சினாள். மூன்று வாரம் அவள் சொன்னதை அப்படியே நம்பியவர்கள், இப்போது அவள் சொல்லும் ஒரு வார்த்தையையும் நம்பத் தயாராக இல்லை.

ஒல்லி உள்ளே போனாள். பள்ளிப் பையில் தம்பியின் கம்பளிச் சட்டையைத் திணித்தாள். தைத்து முடிந்திருந்த சட்டைகளை ஒரு துணியில் கட்டி முதுகில் போட்டுக்கொண்டாள். உருண்டையின் கையைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்து, மழையில், அக்காவின் பக்கத்தில் போய் நின்றாள்.

"நான் இங்கதான்மா நிக்கப் போறேன்," என்றாள். "உள்ள வர மாட்டேன்."

"நானும்," என்றான் உருண்டை. எதற்கு என்று அவனுக்குத் தெரியாது.

அம்மா வாசலில் நின்று இரண்டு பேரையும் பார்த்தாள். தண்ணீர் சொட்டச் சொட்ட, ஒன்றும் பூஜ்ஜியமுமாக நின்ற பிள்ளைகளைப் பார்க்கப் பார்க்க அவள் பிடிவாதம் கரைந்தது. "எனக்குன்னு வந்து பொறந்திருக்கு பாரு," என்று முணுமுணுத்துக்கொண்டே தையல் மெஷினைத் தூக்கப் போனாள். பேக்கரி மாமா போர்வையைத் தோளில் போட்டுக்கொண்டு, மெஷினின் மறுபக்கத்தைப் பிடித்தார். அவர் வந்ததும் மூன்றாவது வீட்டுக்காரர்களும் மூட்டை கட்டினார்கள்.

அன்று எல்லோரும் பள்ளிக்கூட மண்டபத்தில் தங்கினார்கள். மழை விடவில்லை. அம்மா மிச்சச் சட்டைகளைத் தைக்க உட்கார்ந்தாள். அக்காவின் பெயரை யாராவது எடுத்தாலே முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

மறுநாள் மத்தியானம், மண்டபத்தில் இருந்தவர்களுக்கு ஒரு சத்தம் கேட்டது. பெரிய சத்தம் இல்லை. தூரத்தில் யாரோ ஒரு கனத்த மூட்டையைத் தொப்பென்று போட்டது போல இருந்தது.

எல்லோரும் ஓடினார்கள். தெருவின் குறுக்கே கயிறு கட்டியிருந்தது. ஒல்லியின் வீட்டுக்கு முன்பக்கம் மட்டும் இருந்தது. சமையலறை இல்லை. சுவர், ஜன்னல், மூடாத கதவு எல்லாம் குழிக்குள் கிடந்தன. பிள்ளைகள் படுக்கை விரிக்கும் இடத்தில் உத்தரம் ஒன்று குறுக்கே விழுந்து கிடந்தது. அதன்மேல் மழை பெய்துகொண்டிருந்தது.

அம்மா கயிற்றைப் பிடித்துக்கொண்டு அந்த இடத்தையே பார்த்தாள். பிறகு அப்படியே கீழே உட்கார்ந்து, இரண்டு பிள்ளைகளையும் இழுத்து மடியில் போட்டுக்கொண்டாள். ஒல்லிக்கு மூச்சு முட்டியது. ஆனாலும் அவள் விலகவில்லை.

அப்பா வந்து சேர மேலும் மூன்று நாள் ஆனது. லாரியைத் தெருமுனையில் நிறுத்திவிட்டு வந்தவர், கயிற்றுக்கு முன்னால் நின்று அழுதார். வீட்டுக்காக அழுதாரா, அது விழுந்தபோது உள்ளே யாரும் இல்லை என்ற நிம்மதியில் அழுதாரா என்று ஒல்லிக்குத் தெரியவில்லை.

அடுத்த தெருவில் இருந்த மாமாவின் பேக்கரிக்கு மேலே மாவு மூட்டை வைக்கும் அறை ஒன்று இருந்தது. அவர் அதைக் காலி செய்து அவர்களுக்குக் கொடுத்தார். சுவரெல்லாம் மாவு. உருண்டை தும்மிக்கொண்டே இருந்தான். வீடு திரும்பக் கிடைக்குமா, எப்போது கிடைக்கும் என்று யாருக்கும் தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், அவர்கள் சாப்பிட உட்கார்ந்தபோது படியில் காலடிச் சத்தம் கேட்டது. சர்வேயர் அக்கா வந்து வாசலுக்கு வெளியிலேயே நின்றாள். கண்ணுக்குக் கீழே கருத்திருந்தது.

"குழியில உங்க வீட்டுப் பக்கம் மண்ணைக் கொட்டி மூடிட்டாங்க," என்றாள். "தினமும் பாலத்துல இருந்து அளக்கிறேன். மூணு நாளா எதுவும் இறங்கல. அதைச் சொல்லிட்டுப் போகலாம்னு வந்தேன்."

 அப்பா அம்மாவைப் பார்த்தார். ஒல்லியும் பார்த்தாள்.

"எல்லாத்துக்கும் என்னை மன்னிச்சிடுங்க," என்று சொல்லிவிட்டு அக்கா திரும்பினாள்.

"அக்கா, சாப்டீங்களா?" என்று கேட்டாள் ஒல்லி.

 அக்கா இல்லை என்று தலையை ஆட்டினாள்.

அம்மா எழுந்தாள். ஒரு தட்டை எடுத்தாள். கழுவியிருந்த தட்டைத்தான் இன்னொரு தடவை கழுவினாள்.

"வெளியில நின்னுகிட்டு என்ன பேச்சு?" என்றாள், அக்காவின் முகத்தைப் பார்க்காமல். "உள்ள வந்து உட்காரும்மா. ஆறிடும்."

அக்கா உள்ளே வந்து, பிள்ளைகளுக்கு நடுவில் உட்கார்ந்தாள். முதல் கவளத்துக்குக் கொஞ்சம் கூச்சப்பட்டாள். அப்புறம் அம்மா கேட்கக் கேட்க, மூன்று தடவை வாங்கிச் சாப்பிட்டாள்.